சிவப்பு லேபிளுக்குத் துளை போட்டவர்

காத்தவராயனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஆரணியில் முப்பத்தெட்டு வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறவன் நான். டாக்டர் எழுதின சீட்டிலேயே குற்றம் கண்டுபிடிக்கிற ஆள். அடக்கத்துக்கும் எனக்கும் வெகு தூரம். அப்படிப்பட்டவன் வெட்கப்பட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், செய்த காரியம் அந்த லட்சணத்தில் இருக்கிறது.

எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டேன், பேரை மாற்றிப் போடட்டுமா என்று. "தொளை போட்டது நான்தானே நயினாரே? பேர மாத்திட்டா வேற எவனோ போட்டதா ஆயிடும்" என்றார். அதனால் காத்தவராயன் என்பது அவருடைய சொந்தப் பெயர்தான். என் பெயர் அனந்தகுமார். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். இந்தப் பக்கத்தில் எங்களை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற, எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற குடும்பம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

காத்தவராயனுக்கு எழுபத்திரண்டு வயது. எலும்பும் தோலுமான உடம்பு. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழைகளின் நுனியோடு புது இழைகளின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கில் இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தறிக்கு அடியில் காலை மடித்து உட்கார்ந்து, அவர் பாட்டுக்கு முறுக்கிக்கொண்டே போவார். தெருத் தெருவாகக் கூப்பிட்டு அனுப்புவார்கள். இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் சற்று மடங்கியே இருக்கும். தறியில் அடிபட்டது என்பார். மீதி விரல்களே அவருக்குப் போதுமானதாக இருந்தன.

என் கடைக்கு அவர் முதலில் வந்தது ஒரு கொப்புளத்துக்காக. பதினோரு வருஷத்துக்கு முன்னால். சுண்டுவிரல் வெந்துபோயிருந்தது. எப்படி என்று கேட்டேன். "சோத்துப் பானைய எறக்கனங்க. சுட்டது தெரியல" என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி அதே விரல், அதே பதில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு சுகர் முத்திப்போச்சு, போய் டெஸ்ட் எடுங்க" என்று விரட்டினேன். எடுத்துக்கொண்டு வந்தார். சுகர் இல்லை. லேப்காரனுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேனே தவிர, வேறு என்னவாக இருக்கும் என்று யோசிக்கவில்லை. மருந்துப் படிப்பு படித்தவன். சூடு தெரியாத விரல் வேறு எதனால் வரும் என்று பாடத்திலேயே படித்து மார்க் வாங்கினவன்.

கட்டுப்போட வந்தவர் பிறகு சும்மாவும் வர ஆரம்பித்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில்தான் நான் தபால்தலைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். பழைய உறைகளிலிருந்து தலைகளை நனைத்துப் பிரித்தெடுப்பதுதான் அதில் சிரமமான வேலை. நான் எடுத்தால் பத்தில் இரண்டு கிழியும். ஒரு நாள் காத்தவராயன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நான் எடுக்கட்டுங்களா" என்றார். ஒன்றுகூடக் கிழியவில்லை. அன்றிலிருந்து அது அவர் வேலை ஆயிற்று. ஆல்பத்தில் ஒட்டுகிற வேலையும் அவருடையதே. அதற்கென்று சின்னப் பசைத்துண்டு உண்டு. நாக்கில் தொட்டு, மடித்து, தலையின் பின்னால் ஒட்ட வேண்டும். அந்தக் கோந்தின் ருசி எனக்குக் குமட்டும். அவர் சிரித்துக்கொண்டே அத்தனையையும் தன் நாக்கில் தொட்டு ஒட்டிக்கொடுத்தார். பதினோரு வருஷம்.

நான் சேர்ப்பது தபால்தலைகூட இல்லை. தபால்தலை மாதிரி இருக்கும் லேபிள்கள். காசநோய் ஒழிப்புக்கு, கண் இல்லாதவர்களுக்கு, வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு என்று நன்கொடை திரட்ட அந்தக் காலத்தில் அச்சடித்து விற்பார்கள். ஐந்து பைசா, பத்து பைசா. வாங்கினவர்கள் கடித உறையில் தபால்தலைக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். தபால்துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் இருக்காது. எங்கே அச்சடித்தது, யாருக்காக, எந்த வருஷம் என்று எதுவும் தெரியாமல் பல லேபிள்கள் திரிந்துகொண்டிருக்கும். காகிதத்தைத் தடவி, கோந்தைப் பார்த்து, இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்று எண்ணி, பக்கத்தில் விழுந்த முத்திரையைப் படித்து, இது இன்னாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் எங்கள் கிறுக்கு. பதினாறு லேபிள்களுக்கு நான் ஊர் பேர் கண்டுபிடித்திருக்கிறேன். எங்கள் வாட்ஸப் குழுவில் அதற்காக எனக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

பதினேழாவதாக வந்தது சிவப்பு லேபிள். பழைய பேப்பர் கடையில், ஆரணிப் பட்டு வியாபாரி ஒருவர் வீட்டிலிருந்து வந்த காகிதக் கட்டில் ஓர் உறையாகக் கிடைத்தது. உள்ளே கடிதம் இல்லை, அனுப்பினவர் பெயரும் இல்லை. தபால் முத்திரையில் 1971 மட்டும் தெரிந்தது. உறையின் இடது மூலையில் அந்த லேபிள். கருஞ்சிவப்பு நிறம். இரண்டு கைகள் சேர்ந்து ஒரு விளக்கை ஏந்தியிருக்கும் படம். கீழே 'உதவுங்கள்' என்று ஒரே ஒரு சொல். யாருக்கு உதவ வேண்டும் என்று போடவில்லை. ஓரத்துத் துளைகள் அச்சகத்தில் போட்டவை இல்லை. நூல் கோக்காத தையல் மிஷினில் ஓட்டியிருந்தார்கள். அதுவும் நேர்க்கோட்டில் போகாமல் பாம்பு மாதிரி வளைந்து போயிருந்தது. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. குழுவில் இருந்த இருநூறு பேரும் பார்த்ததில்லை.

காத்தவராயனுக்கு அதைக் காட்டியபோது ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "தெரியலீங்க" என்றார். ஆனால் அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தரமாவது, "அந்தச் செகப்பு லேபிள ஒருக்கா காட்டுங்க" என்பார். எடுத்துக் கொடுப்பேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். நல்ல ரசனை வந்துவிட்டது இந்த மனுஷருக்கு, எல்லாம் என் சகவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் அந்த லேபிள் என்னைப் பேஜார் பண்ணியது. சென்னையில் கமலக்கண்ணன் என்று ஒருவர், எங்கள் குழுவை நடத்துகிறவர், "அது ஏதோ தீப்பெட்டிப் படம் சார், விட்டுடுங்க" என்று எல்லாரும் பார்க்க எழுதினார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வேலூரில் ஜனவரி மாதம் கண்காட்சி வைக்கப் போவதாக அறிவிப்பு வந்ததும், அதற்குள் கண்டுபிடித்து அவர் மூக்கை உடைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். தேடியதில், ஒரு பழைய பள்ளிக்கூட மலரின் அட்டையில் கையும் விளக்குமாக ஒரு படம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், பள்ளிக் கட்டட நிதி லேபிள் என்று முடிவு கட்டிவிட்டேன். உறைக்குக் கீழே வைக்க வேண்டிய விளக்கக் குறிப்பை எழுதி, போன நவம்பரில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் காத்தவராயனுக்குப் படித்துக் காட்டினேன். இப்படி முடித்திருந்தேன்: 'துளைகள் கோணலாக விழுந்திருப்பது தயாரித்தவர்களின் அலட்சியத்தைக் காட்டுகிறது.'

அவர் உறையை எடுத்துத் துளை வரிசையைப் பார்த்தார். பிறகு, "நயினாரே, அலட்சியம்ன்றத மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

"ஏங்க? கோணலா இருக்கறது உங்களுக்கே தெரியுதே."

"தெரியுதுங்க. கையில உணர்ச்சி இல்லாதவன் தெச்சா கோணலாதாங்க வரும். ஆனா அலட்சியமா தெக்கல. அத தெச்சது நான்."

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். பதினேழு வயதில் முதுகில் இரண்டு தேமல் வந்திருக்கிறது. தொட்டால் தெரியவில்லை. பிறகு இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. அவருடைய அப்பா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏற்றிக்கொண்டு, சேத்துப்பட்டு தாண்டி செஞ்சி ரோட்டில் அப்போது இருந்த ஒரு தொழுநோய் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். பையன் காஞ்சிபுரத்துக்குத் தறி வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஊரில் சொல்லிவிட்டார். நாலு வருஷம் மாத்திரை. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சர்டிபிகேட் கொடுத்து அனுப்பினார்கள். செத்துப்போன உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை.

"அங்க இருந்த டாக்டரம்மாதான் லேபிள் போடலாம்னு சொல்லிச்சு. தச்சுப் பட்டறையில அச்சுக்குக் கட்ட செதுக்கினாங்க. நாங்களே அச்சடிச்சோம். தொளை போட மிஷின் ஏதுங்க? தையல் மிஷின்ல ஓட்டுன்னு என்னை உக்கார வெச்சாங்க. இந்தக் கைக்குத் தாளோட ஓரம் தட்டுப்படாது. கண்ணால பாத்துகினே ஓட்டுவேன். ஒரு நாளைக்கு நாப்பது தாள் ஓட்டுவேன். இஸ்கூலுக்கு, கடைக்கு, ஆரணி பட்டு முதலாளிங்களுக்கு எல்லாம் அனுப்பினோம்."

"வித்துதா?"

"ஒரு மாசத்துல கட்டுக் கட்டா திரும்பி வந்துச்சுங்க. பிரிக்காமயே திருப்பினவங்கதான் ஜாஸ்தி. ஒருத்தர் கடுதாசி எழுதியிருந்தாரு, அவங்க கைபட்டத நாங்க நாக்குல வெச்சு ஒட்டணுமான்னு. டாக்டரம்மா அழுதுச்சு. எங்களுக்கு அழுகை வரல, தெரிஞ்ச சங்கதிதானே. எல்லாத்தயும் போட்டு எரிச்சிட்டோம்." உறையைக் காட்டினார். "அப்பறம் பாத்தா இது வருது உங்க கைக்கு. ஒருத்தராவது ஒட்டியிருக்காரு பாருங்க. நாக்குல தொட்டுதான் ஒட்டியிருப்பாரு. அம்பது வருஷமா ஒருத்தர்கூட ஒட்டலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வாரம் தவறாமல் அந்த லேபிளை ஏன் கேட்டு வாங்கிப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய மனைவி சின்னம்மாளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். அந்தம்மாள் கேட்டது ஒரே கேள்வி, "இப்ப வலிக்குதா?" வேறு யாருக்கும் தெரியாது. பெற்ற மகள் தீபாவுக்கும் தெரியாது. பாவு பிணைக்கப் போகிற வீடுகளில் அவர் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நாளைக்கு விஷயம் தெரிந்தால், அந்தச் சொம்பை எடுத்து வெளியில் வீசுவார்கள், அதைத் தன்னால் பார்க்க முடியாது என்றார். என் கடையில்கூட முதல் இரண்டு வருஷம் காப்பி வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் விடாமல் வற்புறுத்திப் பழக்கினேன். எங்கள் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தால் நான் எதுவும் சாப்பிடுவதில்லை என்பதால் ஐந்து மணிக்கே எதிர்க்கடையில் ஒரு காப்பி வாங்கி, இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் குடிப்போம்.

"சொன்னா எழுந்து போயிடுவாங்கன்னு யார்கிட்டயும் வாய் தெறக்கலீங்க. உங்ககிட்ட சொல்லலாம்னு தோணிச்சு. நீங்க மருந்து தெரிஞ்சவரு" என்றார்.

இத்தனையும் கேட்ட பிறகு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப வருஷம் 1971தானே, கரெக்ட்டா?" என்று கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டேன். என் மனசு முழுக்கக் கமலக்கண்ணனின் மூக்கு இருந்தது. மனுஷர் ஐம்பது வருஷத்தை இறக்கி வைத்திருக்கிறார், நான் வருஷத்தைச் சரிபார்த்தேன். அவர், "ஆமாங்க, எழுவத்தி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து ஆல்பங்களை எடுத்தேன். குறிப்பைத் திருத்தி எழுதத்தான் எடுத்தேன். முதல் பக்கத்தைப் புரட்டியதும், அந்தப் பசைத்துண்டுகள் அத்தனையும் அவர் நாக்கில் பட்டவை என்ற நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை. எனக்குத் தெரியும். குணமானவரிடமிருந்து அது தொற்றாது என்று தெரியும். காகிதத்தில் அந்தக் கிருமி உயிரோடு இருக்காது என்று தெரியும். அதையெல்லாம் அச்சடித்த அரசாங்க நோட்டீஸை என் கடைச் சுவரில் நானே ஒட்டியிருக்கிறேன். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தேன்.

பூஞ்சை பிடித்திருக்கிறது, சுத்தம் பண்ணுகிறேன் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கம் பக்கமாகத் துடைத்தேன். கடைசியில் சிவப்பு லேபிள் உறை. எத்தனையோ முறை அவர் கையில் இருந்த உறை. அதன் மேலும் பஞ்சை ஓட்டினேன். ஒரே இழுப்பு. சிவப்பு அப்படியே கரைந்து பஞ்சில் ஏறியது. விளக்கும் கைகளும் கலங்கி, 'உதவுங்கள்' என்ற சொல் ஒரு கறையாக வழிந்தது. லேபிள் சேர்க்கிறவன் எவனும், நேற்று ஆரம்பித்தவன்கூட, என்ன மை என்று தெரியாத தாளில் ஸ்பிரிட் வைக்க மாட்டான். நான் முப்பது வருஷ அனுபவஸ்தன்.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல வந்தார். நான் எதிர்க்கடையிலிருந்து காப்பி வாங்கிவந்தேன். எனக்கு டம்ளர், அவருக்கு ஒரு பேப்பர் கப். "அந்த டம்ளர் ஒழுகுது" என்றேன். அவர் பேப்பர் கப்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்தார். பிறகு, "அந்தச் செகப்பு லேபிள ஒருக்கா காட்டுங்க" என்றார். அன்று அவர் அதைக் கேட்பார் என்று தெரிந்தும் நான் எந்தப் பொய்யையும் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை. உறையை எடுத்துக் கொடுத்து, "மன்னிக்கணும், கை தவறித் தண்ணி கொட்டிட்டேன்" என்றேன்.

உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறையை விரலால் தடவினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தண்ணிக்கு இது ஓடாதுங்களே" என்றார் மெதுவாக. "மழைக் காலம்னு, தச்சுப் பட்டறையில பாலிஷ் போடற அரக்குல சாயத்தக் கலக்கித்தான் அடிச்சோம். வாளியில முக்கி வெச்சுப் பாத்துட்டுதான் அனுப்பினோம். ராத்திரி பூரா தண்ணியில கெடந்துது, ஒண்ணும் ஆவல."

அரக்கு எதில் கரையும் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஸ்பிரிட் பாட்டில் மேஜை மேல் மூடி திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பஞ்சு. அதைக்கூட எடுத்துப் போடாமல் விட்டிருந்தேன். அவர் அதையும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு யாருக்கோ கொடுக்க வேண்டிய மாத்திரையைத் தேடுகிற மாதிரி டிராயரைக் கிளறினேன். அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு நடிப்பு.

"சரி, காயட்டும். மேல எதுவும் வெக்காதீங்க" என்று உறையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். படி இறங்கும்போது, குடித்துக் காலி செய்த பேப்பர் கப்பைத் தானே நசுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். ஒரு விதத்தில் வராமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாள் நாலரை மணிக்கு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவர் வீட்டு டம்ளர். அடியில் சின்னம்மாளின் பெயர் வெட்டியிருந்தது.

"இதுல ஊத்துங்க. கழுவ வேணாம், நானே எடுத்துகினு போயிடறேன்" என்றார். குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. எனக்கு ஒரு சங்கடம் வந்துவிட்டது, அதைத் தீர்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த டம்ளரைப் பையில் போடச் சொல்லிவிட்டு, என் டம்ளரை அவரிடம் நீட்டியிருக்க வேண்டும். நான் அவர் டம்ளரில் காப்பியை ஊற்றினேன். ஊற்றும்போது என் டம்ளர் அதன் விளிம்பில் முட்டிவிடாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்தும் ஊற்றினேன். அவர் எடுத்துக் குடித்துவிட்டு, தபால்தலைத் தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒட்ட வேண்டிய பசைத்துண்டு வந்தபோது நாக்கில் வைக்கவில்லை. ஈரப் பஞ்சு ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

வேலூர்க் கண்காட்சிக்கு நான் எதையும் அனுப்பவில்லை. சிவப்பு லேபிள் என்ன ஆயிற்று என்று கமலக்கண்ணன் குழுவில் கேட்டபோது, கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினேன். நாலைந்து பேர் அனுதாபப்பட்டு, அடுத்த தடவை பார்க்கலாம் என்று பதில் போட்டார்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் காத்தவராயனே பேச்சை எடுத்தார். மகள் தீபாவிடம் சொல்லிவிட்டாராம். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். உங்ககிட்ட சொல்லிப் பழகினதுதான் என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, ஆனால் என் காது கொதித்தது. தீபா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிற பெண். மருந்துப் படிப்பெல்லாம் படித்ததில்லை. அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் குடித்து வைத்திருந்த பாதிக் காப்பியை எடுத்துக் குடித்துக்கொண்டே, "அப்பறம்?" என்று கேட்டாளாம். லேபிள் கதையைச் சொன்னபோது மட்டும் அழுதாளாம். லேபிளைப் பார்க்க வேண்டும் என்றாளாம். அது தண்ணி பட்டு வீணாப்போச்சு என்று சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"உங்கள அவ தப்பா நெனைக்கக் கூடாது பாருங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. செய்ததை எல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். பஞ்சு, ஸ்பிரிட், ஒழுகாத டம்ளர், எல்லாம். கடையில் ஆள் இருந்ததையும் பார்க்கவில்லை. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "தெரியுமே" என்றார். பிறகு, அந்த லேபிளைப் பற்றி எழுதுவதானால் எழுதுங்கள், ஒருத்தர் ஒட்டினார் என்பதை மறக்காமல் எழுதுங்கள் என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். 1971ஆம் வருஷம், பெயர் தெரியாத ஒருவர் அந்த லேபிளை வாங்கி, நாக்கில் தொட்டு, ஓர் உறையின் மேல் ஒட்டி ஆரணிக்கு அனுப்பினார். ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து அதைத் துடைத்து அழித்தவன் நான்.

அன்று காப்பி வந்ததும் என் டம்ளரை அவர் முன்னால் வைத்து, "இனிமே இதுல குடிங்க, உங்க டம்ளர் வேண்டாம்" என்றேன். அவர் சிரித்தார். பையிலிருந்து வழக்கம்போல வீட்டு டம்ளரை எடுத்து, என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இருக்கட்டும் நயினாரே. பழகிடுச்சு" என்றார்.